எட்டுக்காதன் ஜெயிலில் கேட்டது

அவளுடைய வேலை, அடுத்தவருக்கு வாயாக இருப்பது. தமிழ் மட்டும் தெரிந்த யாராவது கோர்ட்டிலோ ஆஸ்பத்திரியிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ மாட்டிக்கொண்டு முழித்தால் அவளுக்குப் போன் வரும். போய் நடுவில் உட்காருவாள். அவர்கள் சொல்வதை அந்த நாட்டு மொழியில் சொல்வாள், அந்த நாட்டுக்காரர்கள் சொல்வதைத் தமிழில் சொல்வாள். தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. ஒரு வார்த்தையை விழுங்கவும் கூடாது. வெளியே வந்த பிறகு யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

கல்யாணமாகி அந்த நாட்டுக்கு வந்தவள் அவள். பஸ் ஓட்டும் கணவன் அவளுக்கு வைத்த பெயர் டிக்ஷனரி.

"டிக்ஷனரி, இன்னிக்கு என்ன கேஸ்?" என்று சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பிப்பான்.

"தெரியாது."

"நேத்திக்கு?"

"மறந்துபோச்சு."

"ஊர்ல இருக்கிறவன் ரகசியமெல்லாம் என் வீட்டுலதான் இருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியல" என்று அலுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவான்.

ஊருக்கு வெளியே இருந்த ஜெயிலின் தபால் பிரிவிலிருந்து அவளைக் கூப்பிட்டது ஒரு திங்கட்கிழமை காலை. கைதி ஒருவன் வீட்டுக்கு அனுப்பப் பார்த்த கட்டு ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். தமிழில் இருக்கிறதாம். தப்பிக்கும் திட்டம் இருப்பதாகச் சந்தேகமாம். தாள்கள் வெளியே வராது, அவள்தான் அங்கே வர வேண்டும்.

தபால் பிரிவு என்பது பாதி உயரம் வரை பெயின்ட் அடித்த ஜன்னல் உள்ள நீள அறை. சுவரோரம் பிளாஸ்டிக் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிளாக்கின் எழுத்து. ஒரு எடை மெஷின், ஒரு கெட்டில். அதிகாரி ஒல்லியாக, உயரமாக இருந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார், துடைத்து முடித்ததும் போடாமல் மறுபடி துடைப்பார். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு கட்டைப் பிரித்து மேஜையில் பரப்பினார்.

படக்கதை. கேன்டீன் மெனு அச்சடித்த தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு வரைந்திருந்தது. கையில் இருந்த வண்ணம் ஒரே ஒரு சிவப்பு பால்பாயின்ட் பேனா போலிருக்கிறது. அதைக் கதாநாயகனின் காதுகளுக்கு மட்டும் செலவழித்திருந்தான். போர்வையைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, இரண்டு பெரிய சிவப்புக் காதுகளோடு, கம்பிகளுக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்து நின்றான் கதாநாயகன். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில்: 'எட்டுக்காதன்! அந்நியச் சிறையில்!'

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தோம்" என்றார் அதிகாரி. அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். சில வரிகளுக்கு அடியில் கோடு. "இதோ. 'நான் கம்பியை நீட்டுகிற ஆளா?' கம்பியை எப்படி நீட்டுவான்? என்ன கருவி?"

அவள் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சார், அது ஓடிப்போறதுக்கு நாங்க சொல்ற வார்த்தை. நிஜக் கம்பிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

"ஓடிப்போறதா? அப்ப அது இன்னும் மோசமில்லையா?"

"நான் ஓடற ஆளான்னு கேக்கறார். ஓடமாட்டேன்னு அர்த்தம்."

அதிகாரி அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். "இது? 'உள்ளே உட்கார்ந்து கம்பி எண்ணுகிறேன்.' எதுக்கு எண்ணறான்? எது பலவீனமா இருக்குன்னு பாக்கறானா?"

"ஜெயில்ல இருக்கேன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"எண்ண மாட்டானா?"

"எண்ண மாட்டார்."

"'என் தலையை வாங்காதே.' யாரு யார் தலையை வாங்கறது?"

"அது ஒரு கொசுகிட்ட சொல்றார் சார். படத்துல பாருங்க. தொந்தரவு பண்ணாதேன்னு."

"சரி, இதுக்கு நீங்க ஒண்ணும் சொல்ல முடியாது." அவர் குரல் தாழ்ந்தது. "காவலரைப் பார்த்து, 'எனக்கே காது குத்துகிறாயா?' கூர்மையான ஆயுதம்."

இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்தேவிட்டது. இருமலாக மாற்றிச் சமாளித்தாள். "இன்னிக்கு வெயில் அடிக்கும்னு காவலர் சொல்றார். பொய் சொல்றியான்னு இவர் கேக்கறார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "உங்க மொழியில எதையுமே நேரா சொல்ல மாட்டீங்களா?"

"சொல்வோம் சார். அவசரம்னா."

எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒழுங்காக மொழிபெயர்த்துக் கொடுக்கச் சொன்னார். அவள் பேனாவை எடுத்தாள்.

கதை இதுதான். எட்டுக்காதனுக்குப் பறக்கத் தெரியாது, இரும்பை வளைக்கத் தெரியாது. எந்தச் சுவரில் கை வைத்தாலும், அந்தச் சுவர் அதுவரை கேட்ட பேச்செல்லாம், இரண்டு காதுக்குப் பதில் எட்டுக் காது இருக்கிற மாதிரி, அவனுக்குக் கேட்கும். சொந்த ஊரில் அதை வைத்துக்கொண்டு நகைத் திருடனைப் பிடித்திருக்கிறான், காணாமல் போன பள்ளிக்கூட மணியைக் கண்டுபிடித்திருக்கிறான், மாமியார் மருமகள் சண்டை ஒன்றைத் தீர்க்கப் போய் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். அப்படிப்பட்டவன் வெளிநாட்டு ஜெயிலில் அடைபட்டு, முதல் நாள் சுவரில் கை வைக்கிறான். சுவர் பேசுகிறது. காது நிறையப் பேசுகிறது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அந்தக் கட்டத்தைப் பார்த்து அவள் பேனாவை வைத்துவிட்டாள். கையைச் சுவரிலிருந்து எடுக்கவும் மனசில்லாமல், வைத்திருக்கவும் முடியாமல் நிற்கிற அந்த முகம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மளிகைக்கடை வரிசையில் அவள் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

இதற்கு மேல் என்ன பண்ணப் போகிறான் என்று பக்கத்தைத் திருப்பினாள். மொழிபெயர்க்க வந்தவள் கதை படிக்க ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து அறையில் ஒரு கிழவர் இருக்கிறார், அவர் தினமும் சுவரோடு பேசுகிறார். ரகசியம் ஏதோ சொல்கிறார் என்று எட்டுக்காதன் முடிவு கட்டுகிறான். 'புதையலா? புதையலுக்கு வழியா?' என்று தாடையைத் தடவுகிறான். ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. எட்டுக்காதன் எதற்காக உள்ளே வந்தான்? கதையில் எங்கேயும் இல்லை. முதல் கட்டத்திலேயே உள்ளே இருக்கிறான்.

வரைந்தவனைப் பற்றி அதிகாரி சொன்னது ஒரே வரி: லாரி டிரைவர், கடத்தல் சரக்கு, தண்டனை பாதி முடிந்திருக்கிறது.

சுவர் பேசும் இடங்களில் பேச்சுக் குமிழி பல் பல்லாக இருந்தது. உள்ளே எழுத்து தமிழ், வார்த்தை தமிழில்லை. க்-கும் ர்-ருமாகப் பல்லை உடைக்கிற எழுத்துக் கூட்டம். கற்பனைப் பாஷை போலிருக்கிறது என்று நினைத்தாள். அந்த இடங்களில் எல்லாம் 'அர்த்தமற்ற சத்தம்' என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் கணவன் கேட்டான்: "என்ன, வாய்க்குள்ளயே முணுமுணுக்கறே?"

"ஒண்ணுமில்லை."

"புது பாஷையா?"

"உங்களுக்கு சாதம் வேணுமா வேணாமா?"

முணுமுணுப்பு நிற்கவில்லை. கற்பனையாக இஷ்டத்துக்கு எழுதுகிறவன் ஒரே சத்தத்தைப் பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரி எழுத மாட்டான். இவன் எழுதியிருந்தான். மூன்று எழுத்துள்ள ஒரு துண்டு திரும்பத் திரும்ப வந்தது. அதில் ஒரு ப. தமிழில் ப ஒன்றுதான், ஆனால் பந்து என்னும்போது ஒரு மாதிரி, கம்பி என்னும்போது ஒரு மாதிரி. இந்த ப எந்த ப?

மறுநாள் காலை தபால் பிரிவில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தக் குமிழியை எடுத்துக் கம்பியில் வருகிற ப-வாக வைத்து மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். அவள் காதுக்கு இன்னும் சத்தம்தான். ஆனால் கெட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அதிகாரி திரும்பினார்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லை சார். கதையில வர்ற சத்தம்."

"இல்லை. இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் வேகமா."

சொன்னாள்.

அவர் கெட்டிலைக் கீழே வைத்தார். "'மணி அடிக்கலை'ங்கறீங்க. எங்க அப்பா பேசற மாதிரி, மலைப்பக்கத்து ஆளுங்க பேசற மாதிரி சொல்றீங்க. நகரத்துல யாரும் இப்படிப் பேச மாட்டாங்க. எங்கே கத்துக்கிட்டீங்க?"

"நான் கத்துக்கலை சார்" என்று தாளை அவர் பக்கம் திருப்பினாள். "இங்கே எழுதியிருக்கு."

பிறகு அந்த அறையில் வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. அவள் ஒவ்வொரு குமிழியாகப் படித்தாள். புரியாவிட்டால் ப-வை மாற்றி, த-வை மாற்றி, க-வைத் தொண்டைக்குள் இறக்கிப் படித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில இடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் விடுகதை போடுகிற மாதிரிதான் ஆரம்பத்தில் இருந்தது. நாலைந்து குமிழி தாண்டியதும் அப்படி இல்லை.

'மணியை அழுத்தறேன், அடிக்கலை. யாரும் வரலை.'

'நெஞ்சு மேல ஆள் உட்கார்ந்த மாதிரி இருக்கு.'

'பகல்ல சொன்னா வாயுத்தொல்லைன்னு மாத்திரை தர்றான். ராத்திரியில வருது. ராத்திரியில மணி அடிக்கலை.'

அதிகாரி கண்ணாடியைப் போட்டார். இந்தத் தடவை துடைக்கவில்லை. டிரைவரின் அறை எண்ணைப் பார்த்தார். அதற்கு இடதுபக்கத்து அறை காலி. வலதுபக்கத்தில் வயதான ஒரு கைதி, மலைப்பக்கத்து ஆள்.

"இந்தக் கட்டு இங்கே வந்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள் அவள். கேட்டிருக்கக் கூடாது. அது அவள் வேலை இல்லை.

அவர் போனை எடுத்தார். கம்பி, கொசு, காது குத்தல் என்று சந்தேகப்பட்டு, ஆள் கிடைக்கும் வரை அந்தத் தட்டிலேயே வைத்திருந்தது அவர்தான். போனில் யாரோ யாரையோ கூப்பிடப் போனார்கள். காத்திருந்த நேரம் முழுக்க அவர் அந்தச் சிவப்புக் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் உயிரோடு இருந்தார்.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலக்ட்ரீஷியன் வந்து அவர் அறையின் அழைப்பு மணியைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே ஒயர் துருப்பிடித்து அற்றுப் போயிருந்தது. கிழவருக்கு இரண்டு ரத்தக்குழாயில் அடைப்பு, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாக அதிகாரி மறுநாள் அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அவன்கிட்ட பேசணும்" என்றார். "எப்படி எழுதினான், எதுக்கு எழுதினான்னு தெரியணும். நீங்க இருக்கணும்."

தரையோடு சேர்த்து முடுக்கப்பட்ட மேஜை ஒன்று இருந்த சின்ன அறையில் டிரைவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கலாம். ஆள்காட்டி விரலில் சிவப்பு மை. மிரண்டு போயிருந்தான். அவள் வணக்கம் சொல்லி, தான் யார் என்று சொன்னதும் அவன் வாய் திறந்தபடி நின்றது.

"அக்கா! தமிழா நீங்க?"

அவள் அதை அதிகாரியிடம் மொழிபெயர்த்தாள். விதி அப்படி.

"அக்கா, என்ன தப்புப் பண்ணிட்டேன்னு தெரியலை, சும்மா படம்தான் வரைஞ்சேன். எதுவா இருந்தாலும் அப்புறம் கேளுங்க. முதல்ல கொஞ்ச நேரம் எதையாவது பேசுங்க. போன்ல தங்கச்சி குரல் கேக்கறதோட சரி. எதிர்ல உட்கார்ந்து ஒரு ஆள் பேசிக் கேட்டு ரொம்ப நாளாச்சு."

அதையும் சொன்னாள். அதிகாரி கொஞ்சம் யோசித்து, "பேசுங்க. ஒரு நிமிஷம்" என்றார்.

அவளுக்குத் திகைப்பாகிவிட்டது. இந்த மாதிரி அறைகளில் அவள் எத்தனையோ பேருடைய பேச்சைப் பேசியிருக்கிறாள். சொந்தமாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. "என்ன பேசறது?" என்றாள்.

"எதையாவது. போற வழியில கடைக்குப் போவீங்களா? என்ன வாங்குவீங்க?"

"தக்காளி. வெங்காயம். பினாயில் தீர்ந்துபோச்சு, அது வாங்கணும். அவர் ஷூவுக்குக் கயிறு வாங்கிட்டு வரச் சொன்னார், தினமும் மறந்துடறேன். போன தடவை வாங்கினது நீளம் பத்தலை, ரெண்டு நாளா திட்டிட்டே இருக்கார்..."

அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். நிமிஷம் முடிந்ததும் அதிகாரி, "என்ன சொன்னீங்க?" என்றார். தக்காளி, வெங்காயம், பினாயில், ஷூக் கயிறு என்று, வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு, ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அவர் தலையாட்டினார்.

பிறகு தாள்களை எடுத்து வைத்தார். "இந்தப் பேச்செல்லாம் எங்கேருந்து வந்தது?"

"சவுண்டு சார் அது" என்றான் டிரைவர். "படக்கதைன்னா சவுண்டு வேணும். கதவு சாத்தினா டமால், தண்ணி கொட்டினா சளசள. சுவர் பேசினா என்ன சவுண்டுன்னு யோசிச்சேன். பக்கத்து ரூம் தாத்தா தினமும் சுவத்தைப் பார்த்துப் பேசுவார். காதுல விழறதை அப்படியே எழுதிக்கிட்டேன். எனக்கு என்ன தெரியும், அர்த்தமா இருக்கும்னு?"

"அர்த்தம் தெரியாமலா இவ்வளவு சரியா எழுதினே?"

"லாரி ஓட்டறவன் சார். இன்ஜின் சத்தம் கேட்டே பழகின காது." அப்புறம் அவளைப் பார்த்தான். அவன் கேட்க நினைத்துக்கொண்டே இருந்தது இதுதான் என்பது கேட்ட விதத்தில் தெரிந்தது. "அக்கா, தாத்தா என்ன சொன்னார்? திட்டறாரா, சாமி கும்பிடறாரா, பாட்டா, எதுன்னே தெரியாம மண்டை காயுது. ஆளையும் நேத்திக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

அவளுக்குப் பதில் தெரியும். சொல்ல உரிமை இல்லை. கேள்வியை மட்டும் அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அடுத்த கைதியின் உடம்பு விஷயம், வெளியே சொல்லக் கூடாது என்று ஏதோ ஒரு விதி இருக்கத்தான் செய்யும். அதிகாரி கதவருகில் நின்ற காவலரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றார்.

சொன்னாள். மணி, நெஞ்சு, மாத்திரை. டிரைவர் ஆடாமல் கேட்டான். "இப்ப?" என்றான். நல்லா இருக்கார் என்றதும் மூச்சு விட்டான்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் அவள். கடைசிப் பக்கத்துக் குமிழியைக் காட்டினாள். "இது உங்களுக்குச் சொன்னது. 'பக்கத்து ரூம்காரா, நீ பாடறது சகிக்கலை. ஆனா நிறுத்தாதே. பாட்டு கேட்டா நான் தனியா இல்லைன்னு தெரியுது.'"

டிரைவர் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறிவிட்டது.

"வரையும்போது பாடுவேங்க்கா. அவர் சத்தம் போட ஆரம்பிச்சா திட்டறார்னு நினைச்சு நிறுத்திடுவேன். ஒவ்வொரு தடவையும் நிறுத்திட்டேன்."

அவள் அதை மொழிபெயர்த்தபோது குரல் கொஞ்சம் பிசிறியது. அவளுடைய வேலையில் அது தப்புதான்.

கட்டு கடைசியில் தங்கை வீட்டுக்குப் போனது, ஒரே ஒரு பக்கம் தவிர. மணி அடிக்கவில்லை என்ற பக்கத்தை பழுதான மணி பற்றிய விசாரணைக்காக வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பதில் டிரைவர் வேறு பக்கம் வரைந்து கொடுத்தான். அதில் சுவர் 'டொக் டொக்' என்று மட்டும் சொன்னது.

அதற்குப் பிறகு எட்டுக்காதன் கட்டு எப்போது வந்தாலும் அதிகாரி முதல் போன் அவளுக்குத்தான் போட்டார். அவசரம் என்பார். என்ன அவசரம் என்று அவளும் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்து எழுதி முடிக்கும் வரை பொறுக்க மாட்டார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு உங்க ஆளுக்கு?" என்பார்.

"இருங்க சார், பக்கம் திருப்பவே இல்லை."

"தப்பிச்சிட்டானா? தப்பிச்சா அனுப்ப முடியாது, பார்த்துக்கோங்க. விதி இருக்கு."

தப்பிக்க அவன் முயற்சியே பண்ணவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கிழவர் அதே பழைய அறை வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். அவரும் டிரைவரும் சுவர் வழியாகப் பேசப் பழகினார்கள் என்பது படத்திலேயே தெரிந்தது. பல் பல்லான குமிழிகள் கொஞ்சம் கொஞ்சமாக வழவழப்பாயின. முதலில் தண்ணி, சாப்பாடு, தூக்கம். அப்புறம் மழை, முட்டாள், நாளைக்கு. தமிழ் எழுத்தில் அந்த நாட்டு வார்த்தை, அதுவும் மலைப்பக்கத்து உச்சரிப்பில். ஒரு கட்டத்தில் எட்டுக்காதனே ஒரு முழு வாக்கியம் பேசினான். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க அப்பாவேதான்! கழுதை மேய்க்கிறவங்க இப்படித்தான் பேசுவாங்க!"

அப்படி வந்த ஒரு கட்டில் புதுப் பாத்திரம் ஒன்று நுழைந்தது. மூக்குக் கண்ணாடி, தோள்பை, பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் வெங்காயத்தாள். யார் எது சொன்னாலும் அதை இன்னொரு தடவை சொல்கிற பெண்மணி. கதவு 'டமால்' என்றால் அவளும் 'டமால்' என்பாள்.

"இது யாரு?" என்றார் அதிகாரி, தெரிந்துகொண்டே.

"தெரியலை சார்."

"என்ன எழுதியிருக்கான் அந்தம்மாவைப் பத்தி?"

விதி விதிதான். அவள் காது சூடாக, குரலை மட்டும் சமனாக வைத்துக்கொண்டு படித்தாள்: "'தங்கமானவங்க. ஆனா சிரிப்பு வந்தா இருமிடுவாங்க.'"

தங்கைக்குக் கதை ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் பொறுமை இல்லை. எத்தனை நாளைக்கு அண்ணா இவனை உள்ளேயே வச்சிருப்பே, அதோட இவன் எதுக்கு உள்ளே வந்தான்னு சொல்லவே மாட்டேங்கறியே, என்று போனில் பிடித்து உலுக்குகிறாளாம். கட்டு விஷயமாக அவனைக் கூப்பிட்டு விசாரித்த ஒரு நாள் டிரைவர் இதைச் சொன்னான். மொழிபெயர்க்கிறவளுக்கும் அதே கேள்விதான், கேட்கத்தான் முடியாது. கோர்ட்டில் அவனுக்கு மொழிபெயர்த்தது வேறு யாரோ. லாரியில் இருந்த பெட்டிகளில் என்ன இருந்தது என்று தனக்குத் தெரியவே தெரியாது என்று அங்கே சொல்லியிருக்கிறான். அவர்கள் நம்பவில்லை. அதிகாரி சொல்லி அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். சில நாள் கட்டை மூடி வைத்துவிட்டு பஸ்ஸில் வரும்போது நம்புவாள். சில நாள் நம்பமாட்டாள்.

தண்டனை முடிந்து அவனை ஊருக்கு அனுப்பும் நாளும் வந்தது. வாசலுக்குப் பக்கத்து அறையில் துணிப்பை, பெல்ட், பழைய லாரிச் சாவி ஒன்று எல்லாவற்றையும் மேஜையில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அவளை அதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள். தபால் பிரிவு அதிகாரிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் வந்து நின்றிருந்தார். கிழவர் சொல்லி அனுப்பினார் என்று ஒரு சேதி சொன்னார்: இனிமேல் உன் பாட்டு இல்லாம ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம். டிரைவர் அதைக் கேட்டு, மொழிபெயர்ப்புக்குக் காத்திராமலே சிரித்தான்.

கையெழுத்து முடிந்து, விமான நிலையத்துக்குப் போகும் வேன் வர நேரமிருந்தது. அவள் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள்.

"எட்டுக்காதன் என்ன குத்தம் பண்ணினான்?" என்று கேட்டாள்.

"என்ன கேட்டீங்க?" என்றார் அதிகாரி உடனே.

சொன்னாள். அவர் கண்டிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டிரைவர் லாரிச் சாவியைக் கையில் எடுத்துப் புரட்டினான். "அதை இன்னும் வரையலை. எப்படி வரையறதுன்னு தெரியலை" என்றான். சாவியை மேஜையில் வைத்தான். "அக்கா, லாரிக்கும் சுவர் இருக்குல்ல? தகரச் சுவர். சரக்கு ஏத்தும்போது ஏத்தினவங்க பேசியிருப்பாங்க. எட்டுக்காதன் ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு கை வச்சிருப்பான். பழக்கம் இருக்கே. என்ன சரக்குன்னு அது சொல்லியிருக்கும். நம்ம பாஷையிலதான் சொல்லியிருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் கையை எடுத்துட்டு வண்டியை எடுத்துட்டான்."

அவள் ஒரு வார்த்தை சேர்க்காமல், ஒரு வார்த்தை விழுங்காமல் மொழிபெயர்த்தாள். பெட்டியில் என்ன இருந்தது என்று அதிகாரி கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"தங்கச்சிக்கு அந்தப் பக்கம் போகுமா?" என்று மட்டும் கேட்டார்.

"போய்ச் சேர்ந்ததும் முதல்ல வரைய வேண்டியது அதுதான் சார்" என்றான் டிரைவர். அந்த நாட்டு மொழியிலேயே, கழுதை மேய்க்கிறவர்களின் உச்சரிப்பில் சொன்னான். அவளுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

வேன் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரேங்க்கா" என்று போனான். அவன் ஏறிய பிறகும் அதிகாரி வாசலிலேயே நின்றிருந்தார்.

"வரைவான்னு நினைக்கறீங்களா?" என்றார்.

"தெரியலை சார்" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்தப் பக்கத்தை அவளே மனசுக்குள் கட்டம் போட்டு வரைந்துகொண்டே நடந்தாள். கை தகரத்தைத் தொடும் கட்டம் வரை வந்தது. அடுத்த கட்டத்தில் அவன் முகத்தை எப்படி வரைவது என்று அவளுக்கும் பிடிபடவில்லை.